"தேவைப்பட்டால்" என்றால் எப்போது?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் அக்கா மகனுக்கு டான்சில் எடுத்தார்கள். ஐந்து வயது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிட்டார்கள். கூடவே ஒரு பை நிறைய மருந்து. பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை எல்லாம் தெளிவாக இருந்தன. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: வலிக்குத் தேவைப்பட்டால் கொடுக்கவும்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில், அக்காவின் செங்காங் வீட்டில் நாலு நாள் வழக்கு நடந்தது. தேவைப்படுகிறதா இல்லையா என்று யார் சொல்வது? அக்காவா, அவளுடைய மாமியாரா, பகலெல்லாம் பையனோடு இருக்கும் பணிப்பெண்ணா? பையனைக் கேட்டால் "வலிக்கல" என்கிறான். ஆம் என்றால் மருந்து குடிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

குடலிறக்கம், சுன்னத், பல் பிடுங்குவது, காதில் குழாய் வைப்பது எனச் சிறுவர்களுக்கான பல அறுவை சிகிச்சைகளில் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையாக இருந்தாலும் கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையாக இருந்தாலும் இதே வழக்கம்தான். நல்ல வழக்கம்தான். தன் தலையணையில் படுத்தால் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும், செலவும் குறைவு. ஆனால் வார்டில் தாதி இரண்டு வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பார். கடிகாரத்தைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்ப்பார். வீட்டுக்கு வரும்போது மருந்து மட்டும்தான் பையில் வருகிறது.

முதல் நாள் மாலையிலேயே ஏமாந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிள்ளை சிரிக்கும், டிவி கேட்கும், கொஞ்சம் கஞ்சிகூடக் குடிக்கும். "பரவாயில்லையே, வலியே இல்லை போலிருக்கே" என்று தோன்றும். குடலிறக்கம், சுன்னத் போன்றவற்றுக்கு மயக்கத்தில் இருக்கும்போதே முதுகின் அடியில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது வழக்கம். சில பிள்ளைகளுக்கு வெட்டிய இடத்தைச் சுற்றியே மரப்பு மருந்து போடுவார்கள். முதுகில் போடும் ஊசியின் வேலை சில மணி நேரம்தான், பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரம். காலை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை என்றால் மாலை நாலு மணிக்குப் பிள்ளை விளையாடுவது அந்த ஊசியின் தயவு. அது போன பிறகுதான் உண்மையான வலி கதவைத் தட்டும். அந்த நேரத்தில் வயிற்றில் மருந்து இல்லையென்றால் அந்த இரவு யாருக்கும் தூக்கமில்லை.

அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாளுக்கு வலி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதைவிட மணி பார்த்துக் கொடுப்பது மேல். வாயால் குடித்த பாராசிட்டமால் (பனடாலில் இருக்கும் மருந்து) வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். பிள்ளை அழ ஆரம்பித்த பிறகு பாட்டிலைத் தேடி, அளந்து, கெஞ்சிக் கொடுத்து, அது பிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குள் பிள்ளை அழுது அழுது தொண்டையும் வயிறும் இறுகியிருக்கும். பாதி மருந்தைத் துப்பியும் இருக்கும். ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம், ஏறாமல் பார்த்துக்கொள்வது சுலபம். லேபிளில் "தேவைப்பட்டால்" என்று இருந்தாலும், வீட்டுக்கு அனுப்பும் முன் தாதியிடமோ மருந்தாளரிடமோ "முதல் மூன்று நாளுக்கு நேரம் வைத்துக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலான இடங்களில் ஆம் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அதை அந்த லேபிளிலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வழக்கு வரும்போது உதவும்.

பிள்ளையின் வலி பெற்றோருக்குத் தெரியாமல் போவதில்லை. 1996இல் கனடாவில் சிறு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரைக் கவனித்த ஓர் ஆய்வில் வெளிப்பட்டது வேறொன்று. பிள்ளைக்கு வலிக்கிறது என்று தெரிந்தும் பல பெற்றோர் மருந்தைக் குறைவாகக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவே இல்லை. கண்ணில் பட்டது, கை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு காரணம் இருக்கும். நம் வீடுகளில் எனக்குத் தெரிந்தது "சூடு".

"இந்தாம்மா, பனடால் சூடு. இத்தனை தடவை ஊத்தினா பிள்ளை வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்றார் அக்காவின் மாமியார்.

"இல்லத்தை, டாக்டர்தான் ஆறு மணிக்கு ஒருதரம்னு சொன்னாங்க" என்றாள் அக்கா. குரலில் உறுதி இல்லை. அவளுக்கும் உள்ளே அதே பயம்.

பயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது சாகமாட்டேன் என்கிறது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும், பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் எடைக்கேற்ற அளவில், சரியான இடைவெளியில், சில நாள் கொடுப்பது அந்த எல்லைக்கு நன்றாக உள்ளேயே நிற்கிறது. பொதுவான கணக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. உங்கள் பிள்ளைக்கு மருத்துவமனை எழுதித் தந்த அளவு இதிலிருந்து மாறியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

மாமியார்கள் பயப்பட வேண்டிய இடம் இன்னொன்று, அங்கே யாரும் பயப்படுவதில்லை. பனடால் பாட்டில்கள் எல்லாம் ஒன்றல்ல. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் உண்டு, அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் உண்டு. 16 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம் வேண்டும் என்றால் முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. மருத்துவமனை தந்த பாட்டில் தீர்ந்ததும் போன காய்ச்சலுக்கு வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து அதே 5 மில்லியை ஊற்றினால் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போகும். மாற்றி நடந்தால் இரட்டிப்பாகப் போகும். சளி, காய்ச்சல் கலவை மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அதனால் அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே பழைய பாட்டில்களை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். சாப்பாட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சு கொடுப்பார்கள், அதுதான் அளவு. கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் துப்புவதும் குறையும்.

இரண்டாவதாக வரும் மருந்து இபுபுரூஃபன். பாராசிட்டமாலும் இதுவும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை, அதனால் மருத்துவர் சொல்லியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். "ஒன்று போதாதா, எதற்கு இரண்டு" என்று ஒன்றை நிறுத்துவது சிக்கனம் போலத் தோன்றும், ஆனால் வலியடக்கத்தில் பாதி அதில் போய்விடும். இபுபுரூஃபனை ஏதாவது சாப்பிட்ட பிறகு கொடுப்பது வயிற்றுக்கு நல்லது. தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கும் பிள்ளைக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊருக்கென்றே ஒன்று: அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கும் நாட்களில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வந்தால் இபுபுரூஃபனை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டெங்கியில் ரத்தத் தட்டணுக்கள் குறையும், இந்த மருந்து ரத்தக் கசிவை இன்னும் தூண்டிவிடும். ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு வலி மருந்தாக நினைக்கவே வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களின் வலி மாத்திரைகளையும் தொடக் கூடாது. கோடீன் என்ற மருந்து ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்பட்டது. கல்லீரல் அதை மார்ஃபீனாக மாற்றுவதால்தான் அது வலியைக் குறைக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சரியான அளவே விஷமாகி மூச்சு அடங்கிவிடும். டான்சில் எடுத்த பிள்ளைகள் இப்படி இறந்த பிறகு, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீனும், வலிக்கு டிராமடோலும் கூடாது என்றது. தாத்தாவின் முதுகுவலிக்குக் கிடைத்த டிராமடோல் பல வீடுகளில் மிச்சம் கிடக்கும். அரை மாத்திரை என்றாலும் அது பிள்ளைக்கு இல்லை.

சரி, கடிகாரம் போகட்டும். பிள்ளையைப் பார்ப்பதுதான் இன்னும் கஷ்டமான வேலை.

அழுதால் வலி, அழாவிட்டால் வலி இல்லை என்று நாம் வைத்திருக்கும் கணக்கு பல நேரம் தப்பிவிடும். மருத்துவ உலகமே இந்தக் கணக்கில் வெகுகாலம் தப்பியிருக்கிறது. பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், 1980கள் வரைகூடப் பச்சிளங்குழந்தைகளுக்கு மிகக் குறைந்த வலியடக்க மருந்தோடு அறுவை சிகிச்சை செய்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுதான் அதை அசைத்தது. வலியடக்க மருந்து சேர்த்துக் கொடுத்த குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கியது, பிறகு வந்த சிக்கல்களும் குறைந்தன. படித்த மருத்துவர்களே அப்படி நம்பியிருக்கும்போது நாம் ஏமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோருக்கென்றே கனடாவில் 1996இல் ஒரு பட்டியலை உருவாக்கினார்கள். பதினைந்து கேள்விகள். பிள்ளை வழக்கத்தைவிட அதிகமாகச் சிணுங்குகிறதா? குறைவாக விளையாடுகிறதா? அமைதியாகிவிட்டதா? குறைவாகச் சாப்பிடுகிறதா, சாப்பாடே வேண்டாம் என்கிறதா? வலிக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா, எதிலும் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நடக்கிறதா? அம்மாவை ஒட்டிக்கொண்டே இருக்கிறதா? முகம் சிவந்திருக்கிறதா என்றுகூட ஒரு கேள்வி உண்டு, நம் பிள்ளைகளின் நிறத்தில் அது அவ்வளவு எளிதில் தெரியாது, போகட்டும். பதினைந்தில் ஆறுக்கு ஆம் என்றால் மருந்து தேவைப்படும் அளவுக்கு வலி இருக்கிறது என்று பொருள். எனக்குப் பிடித்த கேள்வி கடைசியில் வருகிறது: எப்போதும் மருந்து வேண்டாம் என்று ஓடும் பிள்ளை இன்று சத்தமில்லாமல் வாங்கிக் குடிக்கிறதா? அக்கா மகன் மூன்றாம் நாள் அப்படித்தான் குடித்தான். "பாருங்க, எவ்வளவு சமத்தா குடிக்கிறான்" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

இந்தக் கேள்விகள் எல்லாமே "வழக்கத்தைவிட" என்றுதான் அளக்கின்றன. உங்கள் பிள்ளையின் வழக்கம் என்னவென்று தாதிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எப்போதும் துள்ளுகிற பிள்ளை சோபாவில் சுருண்டு ஒரே கார்ட்டூனை நாலாவது முறை பார்த்துக்கொண்டிருந்தால் அது சமத்து இல்லை.

பையன்களிடம் இன்னொரு சிக்கல். சுன்னத் முடிந்த வீட்டுக்கு உறவினர்கள் வருவார்கள். கைலியைத் தூக்கிப் பிடித்தபடி படுத்திருக்கும் ஏழு வயதுப் பையனிடம் ஒருவர் பாக்கியில்லாமல் "வலிக்குதாடா?" என்று கேட்பார்கள், அதே மூச்சில் "ஆம்பளப் பிள்ளை, அழக் கூடாது" என்பார்கள். அவன் வேறென்ன பதில் சொல்வான்? முதல் தடவை சிறுநீர் கழிக்கும்போது எரியும் என்று முன்பே சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்கலாமா என்று மருத்துவமனையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது அந்த வீர உபதேசத்தைவிட உபயோகமானது. எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் எரியும்.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று நாம் அடுக்கும் ஆறுதல் பிள்ளையின் பதற்றத்தைக் கூட்டுவதாகவே ஆய்வுகளில் தெரிகிறது. அம்மா இவ்வளவு சொல்கிறாளே, அப்படியானால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். "மருந்து குடிச்சாச்சு, இந்தக் கார்ட்டூன் முடியறதுக்குள்ள கொஞ்சம் குறையும்" என்று சொன்னால் பிடித்துக்கொள்ள ஒரு நேரம் கிடைக்கிறது. கதை, சோப்புக் குமிழி ஊதுவது, டேப்லெட் எல்லாமே வலியிலிருந்து கவனத்தை உண்மையாகவே திருப்பும். ஆனால் மருந்துக்குப் பதிலாக இல்லை, மருந்தோடு.

டான்சிலுக்குத் திரும்புவோம், அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மற்ற அறுவை சிகிச்சைகளில் வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். டான்சிலில் அப்படி இல்லை. முதல் இரண்டு நாளைவிட மூன்றாம், நாலாம், ஐந்தாம் நாட்கள் மோசமாக இருக்கலாம். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாக, மஞ்சளாக ஒரு படலம் படியும். டார்ச் அடித்துப் பார்த்தால் சீழ் போலத் தெரியும், ஆனால் அது புண் ஆறும்போது வருவதுதான். வாய் நாறும். காது வலிக்கிறது என்று பிள்ளை அழும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளை விடுவதால் தொண்டையின் வலி காதில் தெரிகிறது, காதில் எண்ணெய் விடத் தேவையில்லை.

இந்த நாட்காட்டியும் நம் விடுப்பு நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகன் பிள்ளை இருந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு கிடைக்கும். டிசம்பர் வருவதற்குள் கை, கால், வாய்ப்புண் நோய் ஒரு சுற்று, பாலர் பள்ளிச் சளி மூன்று சுற்று என்று அதில் பாதி போயிருக்கும். மிச்சத்தில் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு, பிள்ளை தெளிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் நாலாம் நாள் வேலைக்குப் போகிறோம். வலி உச்சத்துக்குப் போகும் அன்றைக்குத்தான் பொறுப்பு பாட்டியிடமும் பணிப்பெண்ணிடமும் கைமாறுகிறது. மருந்தின் லேபிள் ஆங்கிலத்தில். பாட்டிக்குத் தமிழ்தான் படிக்க வரும். முடிந்தால் விடுப்பை அப்பா பாதி, அம்மா பாதி என்று பிரித்து ஐந்தாம் நாள் வரை நீட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் அடுத்த வழக்கு. டான்சில் எடுத்த பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்றால் பாட்டிக்கு நெஞ்சு அடைத்துவிடும். "தொண்டையில புண்ணை வெச்சிக்கிட்டு ஐஸா? சளி கட்டிக்கும்." குளிர்ச்சி அந்த இடத்தைக் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும், விழுங்கவும் தூண்டும். விழுங்காமல் இருப்பதுதான் ஆபத்து. காய்ந்த தொண்டை கூடுதலாக வலிக்கும், வலித்தால் பிள்ளை இன்னும் குடிக்காது, அப்புறம் நீர்ச்சத்து குறைந்து மறுபடி மருத்துவமனைக்குத்தான். பாட்டியின் கஞ்சியும் வேண்டும், ஆறவைத்த ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுப்பதும் நல்லதுதான். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஊட்டினால் எது கொடுத்தாலும் கூடுதலாக இறங்கும். விரால் மீன் சூப் புண்ணை ஆற்றும் என்று இங்கே மலாய், சீனக் குடும்பங்களும் நம்புகின்றன, நம் வீடுகளிலும் வைக்கிறார்கள். ஆறியதும் கொடுத்தால் அதுவும் நீர்தானே. சிவப்பு நிற பானங்கள் மட்டும் வேண்டாம். ரோஸ் சிரப் கலந்த பாலான பண்டுங் குடித்துவிட்டுப் பிள்ளை வாந்தி எடுத்தால் அது ரத்தமா இல்லையா என்று இரவு இரண்டு மணிக்கு யாராலும் சொல்ல முடியாது.

ரத்தம் என்றதும் விளையாட்டில்லை. அந்தப் படலம் உதிரும் சமயத்தில், ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், புதுசாக ரத்தம் கசியலாம். எச்சிலில் பளிச்சென்று சிவப்பு தெரிந்தாலோ, தூக்கத்தில் பிள்ளை எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நிறைய வந்தால் 995இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும் நேரம் தவறாமல் மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போவது, எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம், மூச்சில் மாற்றம், அரை நாளாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, தையல் சிவந்து வீங்கிச் சூடாக இருப்பது, விடாத காய்ச்சல், நிற்காத வாந்தி, இதெல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கும் விஷயமில்லை.

அக்கா வீட்டில் வழக்கு முடிந்தது ஒரு தாளால். நாலாம் நாள் இரவு பையன் எச்சிலைக்கூட விழுங்க மாட்டேன் என்று துண்டில் வழியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாதியாக இருக்கும் என் தோழியைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். அவள் முதலில் கேட்டது, "இன்னைக்கு எத்தனை வேளை கொடுத்தீங்க?" யாருக்கும் தெரியவில்லை. காலையில் அக்கா ஒன்று கொடுத்திருந்தாள். மதியம் அத்தை கொடுத்திருப்பார் என்று பணிப்பெண் நினைத்தாள், பணிப்பெண் கொடுத்திருப்பாள் என்று அத்தை நினைத்தார்.

அன்றிரவே ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டினோம். ஆறு, பன்னிரண்டு, ஆறு, பன்னிரண்டு. தமிழில் மருந்தின் பெயர், சிரிஞ்சில் மருந்து எதுவரை வர வேண்டும் என்று ஒரு படம், கொடுத்தவர் கையெழுத்து. பணிப்பெண்ணுக்காகச் சூரியனும் நிலாவும் வரைந்தோம். இபுபுரூஃபனுக்கு வேறு நிறப் பேனா. நடு இரவு வேளைக்கு எழுப்ப வேண்டுமா என்று தோழியிடம் கேட்டதற்கு, "மோசமான நாளெல்லாம் எழுப்பிக் கொடுங்க, இல்லன்னா காலையில தொண்டை காய்ஞ்சு ஒரே அழுகையா இருக்கும்" என்றாள். எழுப்பினோம். பாதித் தூக்கத்தில் முனகிக்கொண்டே குடித்துவிட்டுப் படுத்தான். காலையில் முதல் வார்த்தையாக மைலோ கேட்டான், ஆறவைத்துக் கொடுத்தோம்.

ஏழாம் நாளிலிருந்து மருத்துவமனையில் சொல்லியபடி ஒரு மருந்தை நிறுத்தி, அடுத்ததை இரவுக்கு மட்டும் வைத்து, அப்புறம் அதையும் விட்டார்கள். இடையில் ஒரு நாள் நான் போனபோது பகல் பன்னிரண்டு மணிக் கட்டத்தில் நடுங்கிய எழுத்தில் அத்தையின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் அவராகவே ஒன்று சேர்த்திருந்தார்: "ஐஸ்கிரீம், 2 கரண்டி."